மயக்கவியலை நோக்கி ஒரு செவிலியர்: உங்கள் அனுபவம் என்ன?

கூடலூர் செவிலியர்:
அறுவை அரங்கில் பல ஆண்டுகள் ஓட்டியவள் மேலே படிக்கப் போகிறேன் என்றதும், உடன் வேலை செய்பவர்கள் கேட்ட முதல் கேள்வி, "சம்பளம் கூடுமா?" கூடட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்! ஆனால் இந்த ஆசையை மூட்டியது பணியர் குடியைச் சேர்ந்த ஒரு சிறுமிக்கு நடந்த குடல்வால் அறுவை.

அவளுக்குச் சிக்கிள் செல் சோகை. நீலகிரிப் பழங்குடியினரிடையே இது புதிதல்ல. ஆக்சிஜன் குறைந்தாலோ, உடல் குளிர்ந்தாலோ, நீர்ச்சத்து வற்றினாலோ சிவப்பணுக்கள் அரிவாளாக வளைந்து நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்துவிடும். மயக்க மருத்துவர் அம்மா அறுவையைப் பற்றிப் பேசவே இல்லை. "ஏசியை நிறுத்துங்கள், சலைனைச் சூடாக்குங்கள்" என்றார். வெறும் வயிற்றில் வைக்கத் தொடங்கும்போதே டிரிப் ஏற்றச் சொல்லியிருந்தார். மயக்கம் தருவதற்கு முன் முகமூடி வழியே முழு ஆக்சிஜன். எல்லாம் முடிந்து நாங்கள் கருவிகளை எடுத்துவைத்துக்கொண்டிருக்க, அவர் சிறுமியோடு வார்டுக்கே போய், இரவு முழுவதும் ஆக்சிஜனும் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரும் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டு வந்தார். மறுநாள் அந்தக் குடும்பம் தேடிப்போய்க் கும்பிட்டது சர்ஜனை. எனக்குத்தான் கோபம் வந்தது, மயக்க மருத்துவர் அம்மாவுக்கு இல்லை.

அதன் பிறகு எந்த அறுவையிலும் என் கண் மயக்க மருத்துவர் இருக்கும் நோயாளியின் தலைமாட்டுக்குத்தான் போகிறது. நம் நாட்டில் மயக்கம் கொடுப்பது மருத்துவரின் பொறுப்பு. செவிலியர் தனித்துக் கொடுக்க முடியாது. ஆகவே இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த, தீவிர சிகிச்சைக்கான 2 ஆண்டு நர்ஸ் பிராக்டிஷனர் (கூடுதல் பயிற்சி பெற்ற செவிலியர்) படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன்.

ஊட்டி டெக்னீஷியன்:
நல்லது சிஸ்டர். மலையில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். டெஸ்ஃப்ளுரேன் என்ற மயக்க மருந்தை ஆவியாக்கித் தரும் கருவியான வேப்பரைசரில் சமவெளியில் வைக்கும் அளவையே இங்கும் வைத்தால் மயக்கத்தின் ஆழம் குறைந்துவிடும். கூட்டி வைக்க வேண்டும். செவோஃப்ளுரேன் என்ற இன்னொரு மயக்க மருந்துக்கான வழக்கமான வேப்பரைசரில் இந்தத் தொல்லை இல்லை.

குன்னூர்க்காரி (இப்போது அமெரிக்காவில்):
அக்கா, இங்கே மயக்கம் கொடுக்கும் செவிலியர்கள் 100 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறார்கள். இங்கே பெயர்பெற்ற அறுவை மருத்துவர்களான மேயோ சகோதரர்களிடம் வேலை செய்த செவிலியர் ஆலிஸ் மகாவ், 14,000க்கு மேற்பட்ட அறுவைகளில் மயக்கத்தால் ஓர் உயிரும் போகவில்லை என்று 1906-இல் எழுதினார். ஆனால் வழி நீளமானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு அனுபவம் வேண்டும். 2022 முதல் புதிதாகச் சேர்பவர்கள் முனைவர் நிலைப் படிப்பில்தான் சேர முடியும். வருகிறீர்களா?

கூடலூர் செவிலியர்:
இல்லை தங்கச்சி. இங்கிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர், எல்லாம் மலைப்பாதை. மழை இரவில் மூச்சுத் திணறுகிறவரை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினால், பல நேரம் கூடவே போவது நம்மைப் போன்ற ஒருத்திதான். அந்த வண்டிக்குள் மூச்சுப்பாதையை எப்படிக் காப்பது என்பதுதான் எனக்கு முதலில் வேண்டிய பாடம். டெக்னீஷியன் தம்பி, ஐசோஃப்ளுரேனும் செவோஃப்ளுரேன் கணக்கில்தானா? நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுதுங்கள்.