மறுமொழி: திமிங்கிலச் சுறா உண்ணும் முறைக்குக் கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

நீரிலுள்ள சிற்றுயிர்களை வடித்தெடுத்து உண்ணும் ஃபில்டர் ஃபீடிங் என்பதற்கு 'வடிகட்டி உண்ணல்' போதும் என்று பலரும் எழுதியிருந்தீர்கள். பொதுச்சொல்லாக அது இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. நீலத்திமிங்கிலத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. அது வாய் நிறைய நீரை அள்ளி, வாயை மூடி, மேல்தாடையில் சீப்புப் போலத் தொங்கும் தகடுகளின் வழியே நீரை வெளியே தள்ளுகிறது. இரை உள்ளே தங்கிவிடுகிறது. திமிங்கிலச் சுறா செய்வது வேறு வேலை. அதற்குத் தனிச்சொல் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இந்த மீனின் தொண்டையில் 20 சல்லடைத் திண்டுகள், அதாவது நுண்துளைகள் நிறைந்த வடிகட்டும் பட்டைகள், இருக்கின்றன. மெக்சிகோவின் யுகட்டான் கரையோரம் இவை இரையெடுப்பதை ஆராய்ந்து 2010இல் வெளியான கட்டுரை, சல்லடைக் கண்ணின் அளவைச் சராசரியாக 1.2 மி.மீ. என்கிறது. அதைவிடச் சிறிய இரையும் சிக்குகிறது. எப்படி? நீர் திண்டில் நேராக மோதுவதில்லை, அதன் மேற்பரப்பை ஒட்டியே ஓடுகிறது. ஓடும்போதே நீர் கண்கள் வழியாக இறங்கிச் செவுள் பக்கம் போய்விட, மிதவையுயிரிகளும் மீன்முட்டைகளும் ஓட்டத்தோடு பின்னால் நகர்ந்து தொண்டைக்குழி அருகே திரள்கின்றன. சல்லடை சட்டென்று அடைபடாததும் இதனால்தான். சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சுறா மணிக்கு 600 கன மீட்டருக்கு மேல் நீரை இப்படி அனுப்புவதாக அதே கட்டுரை கணக்கிடுகிறது.

இப்படி ஒட்டியோடி வடிவதற்கு ஆங்கிலத்தில் பெயர் கிராஸ்-ஃப்ளோ. 'குறுக்கோட்ட வடிகட்டல்' என்று ஒரு மடலில் பார்த்தேன். மாணவர் அதைப் படித்தால் நீர் சல்லடையைக் குறுக்கே துளைத்துப் போவதாகத்தான் நினைப்பார். நடப்பதோ நீர் சல்லடையை ஒட்டி ஓடுவது. 'நீந்தி வடித்தல்' என்பதும் சரிவராது. திமிங்கிலச் சுறா ஒரே இடத்தில் செங்குத்தாக நின்றபடி உறிஞ்சியும் தின்னும்.

நம்மிடம் 'அரித்தல்' இருக்கிறதே! அரிசி அரிக்கும்போது பாத்திரத்தைச் சாய்த்து ஆட்டினால் அரிசி நீரோட்டத்தோடு போகும், கல் அடியில் தங்கும். பிரிக்கிற வேலையை ஓட்டமே செய்கிறது. ஆகவே இந்த முறைக்கு 'அரித்துண்ணல்', உயிரிக்கு 'அரித்துண்ணி' என்று முன்மொழிகிறேன். ஊனுண்ணி, தாவரவுண்ணி என்ற வரிசையிலும் ஒட்டிக்கொள்ளும்.

கரையான் அரிப்பது நினைவுக்கு வரும் என்று அம்மா ஒருவர் எச்சரித்திருந்தார். நியாயமான கவலை. அப்படித் தோன்றினால் 'நீரரித்துண்ணல்' என்று முன்னொட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்; சற்றே நீளம், ஆனால் ஐயத்துக்கு இடமில்லை. எனக்கு இதுவே இன்னும் பிடித்திருக்கிறது.

அப்புறம் ஒன்று. ஆர்.ஓ. குடிநீர்க் கருவிகளிலும் இதே ஒட்டியோடும் முறைதான். அந்தத் துறையில் இருப்பவர்கள் 'நீரரிப்பு' அங்கே செல்லுமா, மண்ணரிப்போடு குழம்புமா என்று சொன்னால், இரு துறைக்கும் ஒரே வேர்ச்சொல்லை வைத்துக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.