புதுப்பிப்பு: லிங்கன்-டக்ளஸ் விவாதத்தில் 4 நிமிட மறுப்புரை, வழி கிடைத்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. உயர்நிலைப் பள்ளி லிங்கன்-டக்ளஸ் விவாதத்தில் (ஒருவருக்கு ஒருவர் மோதும் விவாதப் போட்டி வகை) ஆதரவுத் தரப்பில் பேசும் என் மகள், எதிர்த்தரப்பின் 7 நிமிட உரைக்கு 4 நிமிடத்தில் மறுப்பு சொல்லி முடிக்கத் திணறுகிறாள் என்று கேட்டிருந்தேன்.

வேகமாகப் பேசும் யோசனை, பெற்றோர்கள் நடுவர்களாக இருந்த சுற்றுகளில் எடுபடவில்லை. பலன் தந்தது வாதங்களைத் தொகுத்துப் பதில் சொல்வதுதான். ஒரே அனுமானத்தின் மேல் நிற்கும் மூன்று வாதங்களுக்கு மூன்று பதில் எதற்கு? அந்த அனுமானத்தை உடைத்தால் போதும். முதலில் மதிப்பீட்டு அளவுகோல் (எதை வைத்து வெற்றியைத் தீர்மானிக்க வேண்டும் என்பது), அப்புறம் தொகுப்புகள், கடைசியில் தன் தரப்பின் வலுவான ஒரே வாதம் என்று வரிசை வைத்துக்கொண்டாள். இங்கே விட்டதைக் கடைசி 3 நிமிட உரையில் புதிதாகக் கொண்டுவர முடியாது என்பதால் இந்த வரிசை ரொம்ப முக்கியம். சுற்றின் நடுவே யோசிக்கக் கிடைக்கும் தயாரிப்பு நேரத்தில் பெரும்பகுதியையும் இந்த உரைக்கு முன்பே செலவழிக்கிறாள்.

எதிர்பாராத ஒன்று: எதிர்த்தரப்பில் பேசும்போதும் இது கைகொடுக்கிறது. எதிராளி எந்த வாதத்தைத் தொடாமல் விட்டார் என்று உடனே கண்டுபிடித்துவிடுகிறாள். போன போட்டியில் முதல்முறையாக நாக்அவுட் சுற்றுக்குப் போனாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!