குடுக்கை முதுகிலா, நெஞ்சிலா?

படித்துறை (திருவையாறு), காலை 6:12
நேற்று நம் குழுவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் பாமணிக்காரன் ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார். "சிறுபிள்ளைக்கு நீச்சல் பழக்கும்போது, மிதக்க உதவும் காய்ந்த சுரைக்குடுக்கையை நெஞ்சில்தான் கட்ட வேண்டும். முதுகில் கட்டுவது பழைய ஆட்களின் அறியாமை." படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. மூன்று பிள்ளைகள், ஐந்து பேரப்பிள்ளைகள், எட்டுப் பேருக்கும் காவிரியில் நான்தான் பழக்கினேன். எட்டுப் பேருக்கும் முதுகில்தான். நெஞ்சில் கட்டினால் பிள்ளை எப்படிக் கை வீசும்? குடுக்கையைக் கட்டிப்பிடித்துத் தூங்கவா போகிறது?

பாமணிக்காரன் (மன்னார்குடி), 7:40
பழைய ஆட்கள் என்று பொதுவாகச் சொன்னேன் ஐயா, உங்கள் பெயரைச் சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தால் நான் என்ன செய்ய? முதுகில் கட்டிய குடுக்கை முதுகைத்தான் மேலே தூக்கும், முகம் தண்ணீருக்குள் போகும். படகில் ஏறும்போது தருகிறார்களே லைஃப் ஜாக்கெட், அதில் மிதவை முன்பக்கம்தான் தடிமனாக இருக்கும். ஆள் மயங்கிவிட்டாலும் முகம் வானத்தைப் பார்த்துக் கிடக்க வேண்டும் என்று. இது உங்களுக்குத் தெரியுமா?

படித்துறை, 7:52
தெரியும் தம்பி. அது நீந்தத் தெரியாதவன் உயிர் பிழைக்க. இது நீந்தப் பழக. பிள்ளையை மல்லாக்கப் போட்டு வைத்தால் அது வானத்தில் கொக்கை எண்ணும், நீந்தாது. முதுகுதான்.

பாமணிக்காரன், 7:58
நெஞ்சு.

கமலாலயம் (திருவாரூர்), 9:30
ஆண்கள் இருவருக்கும் வணக்கம். என் பெரியவன் 2012-ல் பிறந்தவன். அவன் நீச்சல் பழகும் வயதில் ஆறு மணலாகக் கிடந்தது. 2012 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட வழக்கமான ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறக்கவில்லை என்பது இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2020-ல்தான் தேதி தவறாமல் திறந்தார்கள். கொரோனாவில் பள்ளிக்கூடமும் இல்லை, ஆற்றில் தண்ணீரும் வந்துவிட்டது. கேட்க வேண்டுமா? "ஆற்றுப் பக்கம் போனால் காலை ஒடிப்பேன்" என்று சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் சட்டை காய்ந்திருக்கிறது, தலை காய்ந்திருக்கிறது, பால் வடியும் முகத்தோடு வந்து நிற்கிறான். என் மாமியார் ஒன்றும் பேசாமல் கூப்பிட்டு, முழங்கைக்குக் கீழே நகத்தால் ஒரு கோடு இழுத்தார். தண்ணீரில் ஊறிக் காய்ந்த தோலில் விழுமே, அப்படி வெள்ளையாகக் கோடு விழுந்தது. அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டது.

போகாதே என்று சொன்னால் போகாமல் இருக்க மாட்டார்கள், சொல்லாமல் போவார்கள். அன்றைக்குப் புரிந்தது. மறுநாளே நானே கூட்டிக்கொண்டு போய்ப் பழக்க ஆரம்பித்தேன். குடுக்கை எங்கே இருக்கிறது என்பதா பேச்சு? தண்ணீருக்குள் பெரியவர் யார் நிற்கிறார் என்பதல்லவா?

படித்துறை, 9:41
அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. நகக்கோடு போடாத பாட்டி டெல்டாவில் கிடையாது. நான் என் அப்பாவிடம் வாங்கிய அடியெல்லாம் அந்தக் கோட்டால்தான். சரி, பையனுக்குக் குடுக்கை எங்கே கட்டினீர்கள்?

கமலாலயம், 9:44
குடுக்கையே கட்டவில்லை ஐயா. லாரி டியூப்.

படித்துறை, 10:15
டியூப்! இதைத்தான் எதிர்பார்த்தேன். டியூபில் பிள்ளை உட்காரப் பழகும், நீந்தப் பழகாது. கவிழ்ந்தால் கால் மேலே, தலை கீழே. எங்கள் கணக்கைக் கேளுங்கள். முதலில் பெரிய குடுக்கை. பத்து நாள் கழித்துச் சின்னக் குடுக்கை. அப்புறம் அதையும் இடுப்புப் பக்கம் தளர்த்திக் கட்டிவிட்டு, வயிற்றுக்கு அடியில் என் ஒரு கை. ஒருநாள் கையை எடுத்துவிடுவேன். பிள்ளைக்குத் தெரியாது. நாலு வீச்சு போன பிறகு திரும்பிப் பார்த்து அழும். அழுதுகொண்டே நீந்தும். குடுக்கை கிடைக்காத வருடம் இரண்டு நெற்றுத் தேங்காயைக் கயிற்றில் கட்டினோம். அதுவும் முதுகுப் பக்கம்தான்.

பாமணிக்காரன், 10:22
"இடுப்புப் பக்கம்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். முதுகு மெல்ல மெல்ல இறங்கி வருகிறது. சாயங்காலத்துக்குள் சுற்றிக்கொண்டு நெஞ்சுக்கு வந்துவிடும்.

அரசலாறு (கும்பகோணம், இப்போது சென்னை), 11:05
உலக சுகாதார நிறுவனம் 6 வயதுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது. அதில் சுரைக்காய் பற்றி ஒரு வரி இல்லை. பேசாமல் நீச்சல் குளத்தில் ஒரு பயிற்சியாளரிடம் விடுங்கள். என் மகள் அப்படித்தான் கற்றாள்.

படித்துறை, 11:09
அரசலாறு என்று பெயர் வைத்துக்கொண்டு குளோரின் தண்ணீரில் குளிக்கிறவர் நமக்குப் பாடம் எடுக்கிறார். உங்கள் மகளை ஆடி மாதம் எங்கள் ஆற்றில் இறக்கிப் பாருங்கள். நிற்கிற தண்ணீர் வேறு, ஓடுகிற தண்ணீர் வேறு. ஓட்டத்தை எதிர்க்கக் கூடாது, சரிவாகப் போய்க் கீழே நூறு அடி தள்ளிக் கரையேற வேண்டும். இதை எந்தக் குளம் சொல்லித்தரும்?

கமலாலயம், 11:20
குளத்தை ஏன் இழுக்கிறீர்கள்? நில அளவில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று சொல்லும் ஊர் எங்களுடையது.

பாமணிக்காரன், 11:24
எங்கள் ஊரில் குளத்துக்கே ஹரித்ரா நதி என்றுதான் பெயர் அக்கா. அளந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

கமலாலயம், 11:26
பெயரை நதி என்று வைத்தால் ஓடுமா?

வண்டல் (பாபநாசம்), 12:10
ஒரு முக்கியமான விஷயம். சட்ரஸ் (ஆற்றின் குறுக்கே உள்ள மதகு) கீழே பிள்ளைகளை விடாதீர்கள். கதவு திறந்திருக்கும்போது தண்ணீர் அங்கேயே சுருட்டி உள்ளே இழுக்கும், பெரியவனுக்கே கஷ்டம். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழிகள் வேறு. முழங்கால் அளவு என்று நடப்பான், அடுத்த அடி தலைக்கு மேல். கோடையில் பார்த்த ஆற்றை நம்பி ஆடியில் இறங்கக் கூடாது. பிள்ளைகளை அழைத்துப்போனால் கண்ணை எடுக்காமல் அடிக்கடி தலையை எண்ணுங்கள். நான் விரல் விட்டு எண்ணுவேன், கேலி செய்வார்கள், செய்யட்டும்.

படித்துறை, 12:14
நல்ல பதிவு வண்டல். நீங்கள் எங்கே கட்டுவீர்கள்?

வண்டல், 12:15
நான் இந்த ஆட்டத்துக்கே வரவில்லை.

பாமணிக்காரன், 12:40
ஐயாவுக்கு யார் என்ன சொன்னாலும் ஏறாது. போன மாதம் சேனை வைப்பது, அதாவது பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக இனிப்புத் தொட்டு வைப்பது பற்றிப் பேச்சு வந்தபோது, ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது என்றேன். எந்தக் குழந்தை மருத்துவரும் சொல்வதுதான். அதற்கு மூன்று நாள் என்னை "டாக்டர் தம்பி" என்று கூப்பிட்டார்.

படித்துறை, 12:47
நான் சொன்னது சர்க்கரைத் தண்ணீர். தேன் என்று நீங்களாகப் படித்துக்கொண்டீர்கள் டாக்டர் தம்பி. சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். உங்களுக்கு வைத்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அரசலாறு, 12:55
தலைப்பு நீச்சல் பற்றியது என்று நினைவூட்டலாமா?

படித்துறை, 12:56
உங்களுக்குத் தலைப்பு என்றால் ஆறு பிரியும் கல்லணைத் தலைப்பா, சேலைத் தலைப்பா என்று தெரியுமா? சென்னையில் இரண்டும் கிடையாது.

கமலாலயம், 1:05
சேலை எங்கள் பேச்சு. அதை விடுங்கள்.

படித்துறை, 3:30
சாப்பிட்டுவிட்டு யோசித்தேன். எழுத்தில் முடியாது. பாமணிக்காரன், ஆடி 18-க்கு திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறைக்கு வாரும். பரண்மேல் என் அப்பா காலத்துக் குடுக்கை ஒன்று இருக்கிறது, எடுத்து வருகிறேன்.

பாமணிக்காரன், 3:36
வருகிறேன் ஐயா. கட்டுவது நான். உங்களுக்கு. நெஞ்சில்.

கமலாலயம், 3:50
ஆடி 18 அன்றைக்கு அந்தப் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. சித்ரான்னத் தூக்கும் மஞ்சள் கயிறுமாகப் பெண்கள் நிற்பார்கள். நடுவில் நீங்கள் இருவரும் சுரைக்காயோடு வந்தால் தள்ளிவிடுவோம்.

படித்துறை, 3:52
அப்படியானால் 19 அன்றைக்கு. முதுகில்.