ஃபிளஜெல்லினுக்கு அசையாத இலைகள்: யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் எஃப்எல்எஸ்2 ஏற்பிப் புரதத்தை வைத்துச் செய்யும் ஒரு சோதனையில் 3 வாரமாக முட்டி நிற்கிறேன்.

இந்த ஏற்பி செல் சவ்வில் இருந்தபடி, பாக்டீரியாவின் கசையிழைப் புரதமான ஃபிளஜெல்லினிலுள்ள எஃப்எல்ஜி22 என்ற 22 அமினோ அமிலத் துண்டை அடையாளம் காணும். உடனே பிஏகே1 என்ற துணை ஏற்பி வந்து கூட்டுச் சேரும். சில நிமிடங்களில் இலை ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றைக் கொட்டும். லூமினால் என்ற வேதிப்பொருள் அதை ஒளியாகக் காட்ட வேண்டும். எனக்கோ கோடு தட்டையாகவே வருகிறது. எஃப்எல்ஜி22-ஐ 100 நானோமோலார் செறிவில் கொடுத்தேன். வெட்டுக்காயத்தின் சலசலப்பு அடங்கட்டும் என்று இலை வட்டுகளை இரவு முழுக்க நீரில் மிதக்கவும் விட்டேன். பலிக்கவில்லை.

குழப்பம் என்னவென்றால், பூஞ்சைச் சுவர்ப் பொருளான கைட்டின் கொடுத்தால் ஒளி வருகிறது! ஆக லூமினாலும் அதை ஒளிரவைக்க உதவும் பெராக்சிடேஸ் நொதியும் சரிதான். ஆனால் கைட்டினை உணர்வது சிஇஆர்கே1 என்ற வேறொரு ஏற்பி, அதற்கு பிஏகே1 தேவையில்லை. ஆகவே பிஏகே1 பக்கம் சரியா என்று இதில் தெரியாது.

எஃப்எல்ஜி22 பெப்டைடு பலமுறை உறைந்து உருகிக் கெட்டிருக்கலாம், பிளாஸ்டிக் குழாயில் ஒட்டியும் போயிருக்கலாம். அதைவிட எனக்கு விதை மீதுதான் சந்தேகம். கொலம்பியா என்ற ரகத்தின் பெயர் எழுதிய உறைக்குள் டபிள்யூஎஸ்-0 என்ற வேறு ரகம் இருந்தால் கதை முடிந்தது. அதில் எஃப்எல்எஸ்2 இயல்பாகவே வேலை செய்யாது. உறையில் இருப்பது என் கையெழுத்துதான், திட்டாதீர்கள்.

புதுப் பெப்டைடு வாங்குவதற்கு முன் விதையைச் சரிபார்க்க எளிய வழி உண்டா? எல்ஃப்18 (பாக்டீரியாவின் வேறொரு புரதத் துண்டு, அதை உணர்வது வேறு ஏற்பி) கொடுத்துப் பார்ப்பது உதவுமா? பெப்டைடு குழாயில் ஒட்டாமலிருக்க நீர்த்த கரைசலில் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) சேர்த்துப் பலன் கண்டவர்கள் அளவைச் சொன்னால் பெரிய உதவி.