பணியிட மகிழ்ச்சியும் நிறுவனப் பற்றும்: ஒட்டுறவு 0.8-ஐத் தாண்டினால் நம்பலாமா?

கேள்வி:
செவிலியர், லேப் டெக்னீசியன், வார்டு உதவியாளர் எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள். மகிழ்ச்சிக்கு 9 கேள்வி கொண்ட ‘ஷா’ (SHAW) சுருக்க அளவுகோல், நிறுவனப் பற்றுக்கு மெயர், ஆலன் என்ற ஆய்வாளர்களின் 18 கேள்விகள் (உணர்வுப் பற்று, கடமைப் பற்று, இழப்புக்குப் பயந்து நிற்பது என மூன்று வகை). உணர்வுப் பற்றோடு (நிறுவனத்தோடு மனம் ஒன்றியிருப்பது) மகிழ்ச்சியின் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும் அளவு, உச்சம் 1) 0.8-க்கு மேல். ஆனால் 18-ஐயும் கூட்டினால் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) விழுந்துவிடுகிறது. “மகிழ்ச்சி கூடினால் ஆள் நிற்பார்கள்” என்று நிர்வாகத்திடம் சொல்லலாமா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள். அந்த 9-ல் ஈடுபாட்டுக்கு 3, பணித் திருப்திக்கு 3, மிச்சம் 3 உணர்வுப் பற்றுக்கே. ஒன்றையே இரண்டு தடவை கேட்டிருக்கிறீர்கள். ஒட்டாமல் எப்படி இருக்கும்? கடைசி மூன்றை எடுத்துவிட்டு 6 கேள்விக்கு மட்டும் கணக்குப் போடுங்கள், எண் இறங்கும். ஒரே தாளில் ஒரே நாளில் கேட்டதாலும் கொஞ்சம் ஊதியிருக்கும். அடுத்த முறை இரண்டு பகுதிக்கும் நடுவே சில வாரம் விடுங்கள். இரண்டு தாளையும் ஆளோடு பொருத்தப் பெயர் வேண்டாம், அம்மா பெயரின் முதல் இரண்டெழுத்தும் பிறந்த தேதியும் சேர்ந்த குறியீடு போதும்.

பதில் 2:
ஆல்ஃபாவுக்கு முதலில் தலைகீழ்க் கேள்விகளைப் பாருங்கள் (‘ஆம்’ என்றால் பற்று குறைவு என்று பொருள்படும் கேள்விகள்). உணர்வுப் பற்றில் 3, கடமைப் பற்றில் 1, மதிப்பெண்ணைத் திருப்பினீர்களா?

கேள்வி கேட்டவர்:
நான்கையும் திருப்பியாயிற்று.

பதில் 2:
அப்படியென்றால் கூட்டியதுதான் தப்பு. மூன்றாவது வகை, ‘போனால் சீனியாரிட்டி போய்விடும், வேறு இடம் கிடைக்காது’ என்று நிற்பது. அதில் மதிப்பெண் கூடினால் நிர்வாகம் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. சோர்ந்துபோனவரும் நிற்பார், நோயாளியை நிமிர்ந்து பார்க்காமல். மூன்றையும் தனித்தனியாகவே காட்டுங்கள். மாஸ்லாக் சோர்வு அளவுகோலையும் (22 கேள்வி, அதில் 9 உணர்ச்சிக் களைப்புக்கு) சேர்த்தால் யார் எதற்காக நிற்கிறார்கள் என்று பிரியும்.

பதில் 3:
வார்டு வாரியாகப் பிரிக்கும்போது 10 பேருக்குக் குறைவான குழுவின் முடிவை வெளியிடாதீர்கள். யார் எழுதியது என்று தெரிந்துவிடும், அடுத்த முறை எல்லோரும் ‘நன்று’ என்றே குறிப்பார்கள்.

கூடவே ரோஸ்டரை (ஷிப்ட் அட்டவணையை) எடுத்து வைத்துப் பாருங்கள். மாலை ஷிப்ட் 9 மணிக்கு முடிகிறது, அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவர் அரை மணி, மறுநாள் காலை 7-க்கு டியூட்டி என்றால் நடுவே ஒன்பதரை மணிநேரம்தான். போக்குவரத்தும் சாப்பாடும் அதற்குள்ளேயே. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003 வேலைநேர ஆணை கேட்பது தொடர்ச்சியாக 11 மணிநேர ஓய்வு. இப்படி மாலை-காலை ஒட்டி வருவது மாதத்தில் எத்தனை என்று ஆளுக்கு ஆள் எண்ணி, களைப்பு மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள். நிர்வாகம் மாற்றக்கூடியது அதுதான். கேக் வெட்டுவதை அப்புறம் பார்க்கலாம்.