ரோத்கோவின் சிவப்பு: துயரம் திரையிலா, நம் பழக்கத்திலா?

செந்தூல்காரன்:
நிறங்களின் உறவில் தமக்கு நாட்டமில்லை, அவலம், பேரானந்தம், அழிவு போன்ற அடிப்படை மனித உணர்வுகளே தமக்கு வேண்டும் என்று அமெரிக்க அரூப ஓவியர் மார்க் ரோத்கோ 1957-இல் கூறினார். அதைப் படித்துவிட்டுப் போய் நிற்பவருக்குத்தான் அவர் ஓவியங்களின் கருஞ்சிவப்பு துயரமாகத் தெரிகிறது என்பேன். இங்கே கோலாலம்பூரில் சீனப் புத்தாண்டுக்குப் பணம் வைத்துத் தரும் அங்பாவ் உறையும் சிவப்பு, நம் கல்யாணக் கூறைப்புடவையும் சிவப்பு. அதுபோலவே முகாரி ராகம் என்றாலே அழுகை என்கிறோம். சபரியின் பேற்றைப் போற்றித் தியாகராஜர் பாடிய கீர்த்தனையும் முகாரிதான்.

ஜெலுத்தோங் வாசகி:
ஐயா, அங்பாவ் உறை கைக்குள் அடங்கும் பொருள். ரோத்கோவோ ஆளுயரத்தை மிஞ்சும் ஓவியத் திரையில் நீர்க்கக் கரைத்த வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, அடியிலுள்ள பூச்சு மேலே கசியும்படி விட்டு, செவ்வகங்களின் ஓரங்களைப் புகைபோல் கலங்கவைத்து, பார்ப்பவர் மிக அருகில் நிற்க வேண்டுமென்றும் விரும்பினார். கண் எந்த ஓரத்திலும் நிலைகொள்ள முடியாத அந்தத் தவிப்புக்கு முன்னுரை தேவையில்லை. முகாரியிலும் சாகித்யம், அதாவது பாடல் வரிகள், மாறலாம். சுரங்களை அசைத்துப் பாடும் கமகம் தன் வேலையைச் செய்யத்தான் செய்கிறது.

பங்சார் மாணவன்:
தேசியக் கலைக்கூடத்தில் மலேசிய ஓவியர் சையத் அகமட் ஜமாலின் அரூப ஓவியத்தின் முன் என்னை முதலில் தாக்கியது தூரிகையின் வேகம். நிறம் பிறகுதான் வந்தது.

செந்தூல்காரன்:
நிறம் பிறகுதான் வந்தது என்று தம்பி சொல்வதும் எனக்கே துணை. ஹார்வர்டு பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் 1964-இல் மாட்டப்பட்ட ரோத்கோவின் ஐந்து ஓவியங்களில் இருந்த லித்தால் சிவப்பு என்ற நிறமி, சன்னல் வெயிலில் வெளிறி, சில இடங்களில் நீலமாகவே மாறியதால் 1979-இல் அவற்றைக் கழற்றிக் கிடங்கில் வைத்தார்கள். 2014-இல் ஒரு கண்காட்சியில், இழந்த நிறத்தை ஒளிவீழ்த்தியால் (புரொஜெக்டர்) புள்ளி புள்ளியாக ஈடுசெய்து காட்டினார்கள். அங்கே மாலை 4 மணிக்கு அந்த விளக்கை அணைத்துவந்தார்கள். 3.59-க்கு இருந்த அவலம் 4.01-க்கு எங்கே போனது?

ஜெலுத்தோங் வாசகி:
விளக்கு அணைந்ததும் ஓவியத்தின் மனநிலையே மாறுகிறது என்றால், உணர்வு நிறத்தையே சார்ந்திருக்கிறது என்றுதானே பொருள்? உங்கள் சான்று என் கட்சிக்குத்தான் சாதகமாக நிற்கிறது.

செந்தூல்காரன்:
மாறுகிறது என்று நான் சொல்லவில்லை, அம்மா, கேட்டேன். ஓவியர் பெயரையும் வரலாற்றையும் மறைத்து இரண்டு நிலைகளையும் நம் வாசகர் வட்டத்துக்குக் காட்டுங்கள். அவர்கள் எதை அவலம் என்கிறார்களோ, அங்கிருந்து தொடர்வோம்.

ஜெலுத்தோங் வாசகி:
காட்டலாம். ஆனால் கைப்பேசித் திரையில் காட்டினால் நான் ஒப்பமாட்டேன்.