மேட்டூர் டேம்ல தூண்டில் போட எந்தக் கரை நல்லது?

ஓமலூர்க்காரன்:
வணக்கம்ங்க. சின்ன வயசுல இருந்து எங்க ஊர் ஏரியில மூங்கில் கழி, தக்கை வச்சு ஜிலேபி மீன் பிடிச்சுப் பழக்கம். மேட்டூர் டேம்ல போட்டதே இல்ல. இப்ப ரீல் ராடு வாங்கியிருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை அப்பாவையும் கூட்டிட்டுப் போறதா இருக்கேன். பண்ணவாடியா, கோட்டையூரா, நாகமரையா? ஆளுக்கு ஒரு இடம் சொல்றாங்க. கட்லா, ரோகு கிடைக்கிற இடமா சொல்லுங்க. அப்பாவுக்கு முட்டி வலி, ரொம்ப தூரம் நடக்க மாட்டார்.

பண்ணவாடிப் பரிசல்:
தம்பி, எந்த ஊருன்னு கேக்குறதுக்கு முன்னாடி டேம்ல இன்னைக்கு எத்தனை அடி நிக்குதுன்னு பாருங்க. காலையில பேப்பர்லயே போட்டிருப்பான். நான் கொளத்தூர் பக்கம் பொறந்து வளர்ந்தவன், எங்க வீட்ல அப்பா காலத்துல இருந்து வலைத் தொழில்தான். நாங்களே "அந்தப் பாறை, இந்த மரம்"னு நிரந்தரமா ஒரு இடத்தை வச்சுக்கிறதில்ல. 120 அடி நிறைஞ்சா 59 சதுர மைலுக்குத் தண்ணி விரிஞ்சு கிடக்கும். நல்லா இறங்கிட்டா, முங்கிக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய சர்ச் கோபுரமும் வெளிய வந்துடும். நீங்க தூண்டில் போட்ட இடத்துல அடுத்த தடவை போனா கம்பும் சோளமும் விளைஞ்சு நிக்கும்.

தண்ணி ஏறிட்டு இருக்குதா, இறங்கிட்டு இருக்குதா, அதுதான் விஷயம். மெதுவா ஏறும்போது காய்ஞ்ச நிலம் முங்கும். மண்ணுக்குள்ள இருக்கிற புழு, பூச்சி, புல்லு விதை எல்லாம் மீனுக்குச் சாப்பாடு. ஜிலேபி, கெண்டை எல்லாம் முழங்கால் ஆழத்துக்கே வந்து மேயும். அப்ப பண்ணவாடி கரை நல்லா இருக்கும். முள்ளுச்செடி முங்கின ஓரமா, அதுல சிக்காத அளவுக்குத் தள்ளிப் போடுங்க. தூரமா வீசணும்னே இல்ல. புதுசா ரீல் வாங்குறவங்க எல்லாம் நடு டேமுக்கு வீசுறாங்க, மீன் காலடியில மேஞ்சிட்டு இருக்கும்.

ஜூன் 12 கணக்கா டெல்டாவுக்குத் தண்ணி திறந்து விட்டு, மேல இருந்து வரத்தும் இல்லாம இருந்தா, கரை நாளுக்கு நாள் பின்னால போகும். மீன் ஆழத்துக்கு நகர்ந்துடும். அப்ப பழைய ஓடை வந்து இறங்குற பள்ளமாப் பார்த்து உக்காருங்க.

கர்நாடகாவுல இருக்கிற கபினி, கே.ஆர்.எஸ். டேமுங்க நிறைஞ்சு வெள்ளம் வந்தா கோட்டையூர் பக்கம் தண்ணி கலங்கலா மாறிடும். கட்லா, ரோகு நின்ன தண்ணியில முட்டை விடாது, ஓட்டத்தை எதிர்த்து மேல ஏறும். அந்தச் சமயத்துல வயிறு பெருத்த மீன் மாட்டினா தயவுசெஞ்சு திருப்பி விட்டுடுங்க. மீன்வளத்துறை குஞ்சு விடுறாங்கதான், அதுக்காகச் சினை மீனைத் தூக்கிட்டுப் போறது சரியில்ல. எத்தனையோ குடும்பம் இந்தத் தண்ணியை நம்பிப் பிழைக்குது.

கட்லாவுக்கு வாய் மேல பார்த்து இருக்கும், மேல்தண்ணியில மேயுற மீன். ஈயத்தைக் கட்டித் தரையில போட்டுட்டு கட்லா வரலைன்னு சொல்லக்கூடாது, தரையில மேயுறது மிருகால். ரோகு நடுத்தண்ணி. அதனால தக்கை வச்சு ஆழத்தை மாத்தி மாத்திப் பாருங்க. கடலைப்புண்ணாக்கையும் தவிட்டையும் பிசைஞ்சு ஒரே இடத்துல உருண்டை போட்டுட்டு, தூண்டில் முள்ளுல மைதா மாவு வைங்க. பொறுமையா ஒரே இடத்துல இருக்கணும்.

ஆடி மாசம் காத்து மேற்கே இருந்து அடிக்கும். நாகமரை, ஒட்டனூர் கரையில அலை மோதும், தக்கை நிக்காது. காத்து அடங்குற விடியக்காலையில மட்டும் அங்க பார்க்கலாம். தண்ணி பச்சையா பாசி கட்டி நாத்தம் அடிச்சா அந்த ஓரத்தை விட்டுடுங்க.

ஒரே ஒரு வேண்டுகோள். வலையும் பரிசலும் உரிமம் வாங்கின மீனவங்களோடது. மிதக்குற கட்டையோ பாட்டிலோ தெரிஞ்சா அதுக்குக் கீழ வலை இருக்கும். அதுல உங்க முள்ளு மாட்டினா இழுத்துக் கிழிக்காதீங்க, தூண்டில் நரம்பை அறுத்து விட்டுடுங்க. தூண்டில் போட என்ன விதின்னு மேட்டூர் மீன்வளத்துறை அலுவலகத்துலயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. அடிப்பாலாறு பக்கம் யார் கூப்பிட்டாலும் போகாதீங்க. அது மாநில எல்லை, வனப்பகுதி.

காவிரிக்கரை ஈரோடு:
அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனா முட்டி வலி இருக்கிற அப்பாவோட போறதுன்னா நான் டேமையே சொல்ல மாட்டேன். டேமுக்குக் கீழ காவிரிக்கரையில இருக்கிற பூலாம்பட்டி போங்க. நெரிஞ்சிப்பேட்டை கதவணையில மின்சாரம் எடுக்கத் தண்ணியைத் தேக்கி வச்சிருக்காங்க. டேம் மாதிரி கரை ஓடிப் போறதில்ல, வண்டியை நிறுத்திட்டுப் பக்கத்துலயே உக்காரலாம். டீக்கடை, வறுத்த மீன் கடை எல்லாம் இருக்கு. பரிசல் துறை, படகு போற வழியை விட்டு ஒதுங்கிப் போடுங்க. பராமரிப்புக்காகக் கதவணைத் தண்ணியைத் திறந்து விடுற நாளும் உண்டு, ஊர்ல விசாரிச்சுட்டுக் கிளம்புங்க.

ஓமலூர்க்காரன்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். அப்பாவோட பூலாம்பட்டி, அடுத்த வாரம் நண்பர்களோட பண்ணவாடின்னு வச்சுக்கிறேன். 16 கண் மதகுக்குக் கீழ பாறையில நின்னு சில பேர் போடுறதைப் பார்த்திருக்கேன். அங்க போடலாமா அண்ணா?

பண்ணவாடிப் பரிசல்:
வேண்டாம் தம்பி. டேம் நிறைஞ்சு உபரித் தண்ணி திறந்தா பாறைக்கு நாலு பக்கமும் தண்ணி சூழ்ந்துடும், திரும்பி வர வழி இருக்காது. பண்ணவாடிக்கு வரும்போது தண்ணி இறங்கின சமயமா இருந்தா ஓரத்துல பார்த்துக் கால் வைங்க. மேல வெடிச்சுக் காய்ஞ்ச மாதிரி இருக்கும், கீழ இடுப்பளவு சேறு. மாடு நடந்த தடத்துலயே நடங்க. அப்புறம் ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினா அதை மட்டும் தண்ணியில திருப்பி விடாதீங்க, நம்ம ஊர் மீன் குஞ்சை எல்லாம் தின்னு தீர்க்குது. வர்றப்ப பரிசல் துறையில எங்க பசங்க இருப்பாங்க, அன்னைக்கு எந்தப் பள்ளத்துல மீன் மேயுதுன்னு அவங்களையே கேளுங்க, சொல்லுவாங்க.